ஆணியில் ஒரு பை, மூலையில் ஒரு பானை

விழுப்புரம் மாவட்டத்தின் நிலம் மேற்கே செஞ்சிக் குன்றுகளில் தொடங்கிக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரை மெல்லச் சரிந்து போவதால், இங்கே பெய்யும் மழையும், போகும் வழியில் அது வாரிக்கொள்ளும் பொருள்களும், ஏரி ஏரியாகத் தங்கித் தங்கி இறுதியில் வங்கக் கடலையே சென்று சேர்கின்றன. திண்டிவனம், வானூர், மரக்காணம் பகுதிகளின் ஏரிகள் பலவற்றிலிருந்து வழியும் மிகுநீர் ஓடைகளாக இறங்கிக் கூடும் இடம் கழுவெளி. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இத்தகைய நீர்நிலையை உவர்நீர் ஏரி என்பர். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாகக் கழுவெளியே சொல்லப்படுகிறது. ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அதன் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலில், அதாவது 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்றவையாக ஏற்கப்பட்ட ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது.

சரணாலயத்துக்கு எல்லைக்கல் நடலாம். அதற்குள் வந்து சேரும் ஓடைகளுக்கு நட முடியாது. ஏரிக்கரைத் தெரு ஒன்றில் சாம்பார் கட்டிவந்த பை கால்வாயில் விழுந்தால், அது அடுத்த ஐப்பசி மழையில் ஏரிக்கும், ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே ஓடைக்கும், ஓடையிலிருந்து பறவைகள் இரை தேடும் சேற்றுக்கும் போய்ச் சேர்வதைத் தடுக்க இடையில் எதுவும் இல்லை. ஆகவே இம்மாவட்டத்தில் சுற்றுச்சூழலைக் காப்பது பற்றிய பேச்சைச் சரணாலயத்தின் வாயிலில் தொடங்குவதைக் காட்டிலும், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள வீடுகளின் அடுக்களையிலும் வாசற்படியிலும் தொடங்குவதே பொருத்தம். 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகரில் ஏறத்தாழ 96 ஆயிரம் பேரும் திண்டிவனத்தில் ஏறத்தாழ 73 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். அத்தனை பேரும் நாள்தோறும் செய்யும் சிறு செயல்களின் கூட்டுத்தொகையைத்தான் இம்மாவட்டத்தின் ஓடைகள் சுமக்கின்றன.

வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்துகொள்வதே பேண்தகு வளர்ச்சி என்று ஐக்கிய நாடுகள் அவை அமைத்த ஆணையம் 1987-இல் விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை ஒரு வீட்டின் அளவுக்குச் சுருக்கினால் கிடைப்பது பேண்தகு வாழ்க்கை. இந்திய அரசும் 2022 அக்டோபரில் ‘சுற்றுச்சூழலுக்கான வாழ்க்கைமுறை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கித் தனிமனிதர் செய்யத்தக்க எளிய செயல்களைப் பட்டியலிட்டது. பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றையாவது ஒரு வீடு மறு ஆண்டும் விடாமல் செய்துகொண்டிருக்குமா என்பதே உண்மையான வினா, அதற்கு விடை ஊரின் நடைமுறைகளுக்குள்தான் கிடைக்கும்.

முதலில் பையை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. பருமன் எதுவாக இருந்தாலும் நெகிழிக் கைப்பைகளும், நெகிழி பூசிய தேநீர்க் குவளைகளும், உணவு கட்டும் தாள்களும், உறிஞ்சுகுழல்களும், தண்ணீர்ப் பொட்டலங்களும் அதில் அடங்கும். 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் சென்னையில் தொடங்கப்பட்டது. ‘மீண்டும்’ என்ற சொல்லே அதன் சிறப்பு. கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் வைத்துத் தந்த தாம்பூலப் பை, மணமக்கள் பெயர் வெளுத்துப்போகும் வரை சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வந்த காலம் ஒரு தலைமுறைக்கு முந்தியதுதான். இடையில் மஞ்சப்பையோடு பேருந்தை விட்டு இறங்குபவரைப் பட்டிக்காட்டார் என்று பட்டணம் எள்ளியது. அந்த எள்ளலுக்கு அஞ்சியே பலர் வெறுங்கையோடு கடைக்குப் போகக் கற்றுக்கொண்டனர். ஒரு நல்ல பழக்கம் வெட்கத்தால் அழிந்தது என்பதை நினைவில் கொண்டால், அதைப் பெருமிதத்தோடு மீட்பதும் இயலும் என்பது விளங்கும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பருத்தியை விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் நீரும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாவதால், புதிதாக வாங்கும் ஒவ்வொரு துணிப்பையும் சூழலுக்கு ஒரு கடனோடுதான் வீட்டுக்குள் வருகிறது. 2011-இல் வெளியான பிரிட்டன் அரசின் ஆய்வு ஒன்று, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் கொண்டால், மெல்லிய நெகிழிப் பை ஒன்றைவிடக் குறைந்த கேடு விளைவிப்பதாக அமைய ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. கடைதோறும் ஒரு புதுப்பை வாங்கி அலமாரியில் அடுக்கும் வீடு நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு கடனைத்தான் பெருக்குகிறது. கிழிந்த வேட்டியிலோ பழைய பேண்ட்டின் காலிலோ தெருமுனைத் தையற்காரர் தைத்துத் தரும் பைக்கு அந்தக் கடன் இல்லை, ஏனெனில் அதற்கென்று புதுப்பருத்தி ஏதும் விளையவில்லை. ஜவுளிக்கடைகளில் தரும், துணிபோலத் தோன்றும் பைகளையும் உற்று நோக்க வேண்டும். நூல் ஊடும் பாவுமாக இல்லாமல், சிறு சிறு புள்ளிகளாக அழுத்தி ஒட்டிய பரப்பாகத் தெரிந்தால் அது நெய்த துணியன்று, பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி. வெயிலில் சில மாதம் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும்.

பை இருந்தும் அதை மறந்து போவதுதான் பெரும்பாலான வீடுகளின் உண்மைச் சிக்கல். பழக்கம் எவ்வாறு உருவாகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. எளிதில் படிந்தவர்க்கு 18 நாளும், கடினமாக இருந்தவர்க்கு 254 நாள் வரையும் ஆகும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறிப்போனது முயற்சியைக் குலைக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. நடத்தை பற்றி ஆராயும் பி.ஜே.ஃபாக் போன்றோர் வற்புறுத்தும் வழி இன்னும் எளிது: புதிய பழக்கத்தைத் தனியே நிறுத்தாமல், ஏற்கெனவே வேரூன்றிய ஒரு பழக்கத்தின் வாலில் முடிந்துவிட வேண்டும். வண்டிச் சாவி தொங்கும் ஆணியிலேயே பையும் தொங்கினால் சாவியை எடுக்கும் கை பையைத் தொடாமல் வெளியேற முடியாது. காய்கறியைக் கொட்டியவுடன் பையை மடித்து மறுபடியும் அதே ஆணியில் மாட்டும்போதுதான் அந்தப் பழக்கம் முழுமை பெறுகிறது. பெரும்பாலான வீடுகளில் அறுபடும் கண்ணி அதுவே.

கடைப் பொட்டலத்துக்கும் இதே முறை பொருந்தும். மாலையில் விழுப்புரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கொதிக்கும் தேநீரும் சாம்பாரும் மெல்லிய உறையில் ஊற்றி நூலால் சுற்றித் தரப்படுவது தடைக்குப் பின்னரும் முற்றிலும் ஒழியவில்லை. காகிதக் குவளை தீங்கற்றது என்ற நம்பிக்கையும் தவறானது. நீர் கசியாமல் இருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் படலம் பூசப்பட்டிருக்கும், சூடான பானம் பட்டதும் அப்படலம் நைந்து நுண்துகள்களை உதிர்க்கும். காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய குவளையில் 100 மில்லிலிட்டர் வெந்நீர் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் அதில் கலப்பதாகக் கண்டனர். நுண்நெகிழி என்பது ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துணுக்கு. இவ்வாய்வில் எண்ணப்பட்டவை கண்ணுக்கே புலப்படாதவை. கண்ணாடி கிளாசில் கேட்டு நின்று குடிப்பதும், வீட்டுக்கு வாங்க எவர்சில்வர் தூக்கைக் கையோடு கொண்டுபோவதும் இதற்குப் போதுமான மருந்து. தூக்கோடு வருபவருக்குச் சாம்பாரைத் தாராளமாகவே ஊற்றும் கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். உறைக்கும் நூலுக்கும் ஆகும் செலவு அவர்களுக்கு மிச்சம்.

விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர், பூரிகுடிசை போன்ற பனை நிறைந்த ஊர்களில், பதநீரை ஓலைப்பட்டையில் ஊற்றித் தரும் வழக்கம் உண்டு. குருத்தோலையை மடித்து நுனியைக் கட்டினால் பட்டை ஆயிற்று. குடித்து முடித்து வரப்பில் போட்டால் மாடு தின்னும், அல்லது மண்ணாகும். குவளை செய்யவும் கழுவவும் அழிக்கவும் ஆலை வேண்டாத இந்தப் பொருளை அறிந்த மக்கள் நெகிழி பூசிய குவளையை வசதி என்று ஏற்க நேர்ந்தது வருந்தத்தக்கது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையேறிகளின் தொழில் தழைத்தால்தான் அம்மரங்கள் செங்கற்சூளைக்குப் போகாமல் நிற்கும் என்பதால், பதநீர்க் காலத்தில் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு பட்டை வாங்கிக் குடிப்பதும் சூழல் காக்கும் பழக்கமே.

இனி அடுக்களைக் கழிவு. ஒரு வீட்டில் சேரும் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது காய்கறித் தோலும் சோறும் டீத்தூள் சக்கையுமாக இருப்பதால், மற்ற எந்தப் பழக்கத்தைவிடவும் இது ஒன்றே மிகுந்த பயன் தருவது. நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 365 கிலோ. விழுப்புரம் நகரின் எல்லா வீடுகளையும் இப்படிக் கணக்கிட்டால் நாள்தோறும் ஏறத்தாழ 24 டன் ஈரக்கழிவை யாரோ அள்ளி, வண்டியில் ஏற்றி, எங்கோ கொட்டியாக வேண்டும். கொட்டிய இடத்தில் அது மலைபோல் குவிந்து காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது; நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அதே கழிவு காற்றோட்டத்துடன் மட்கினால் மீத்தேன் அநேகமாக உண்டாவதில்லை, எருவே மிஞ்சும். ஆகவே வேறுபாடு கழிவில் இல்லை, காற்றில் இருக்கிறது.

கொல்லையில் எருக்குழி வைத்திருந்த ஊர்களுக்கு இது புதிய கல்வியன்று. சாணமும் சாம்பலும் கூளமும் குழியில் சேர்ந்து சித்திரையில் வயலுக்குப் போன முறையையே, கொல்லை இல்லாத நகர வீடு ஒரு பானைக்குள் செய்துகொள்ளலாம். குயவரிடம் வாங்கிய வாயகன்ற மண்பானையின் விலாவில் விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளைகள் இட்டு, அடியில் ஒரு கை கனத்துக்குக் காய்ந்த சருகு பரப்பி, அதன்மேல் அன்றைய தோல்களைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, மீண்டும் அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ சருகு மூட வேண்டும். முதல்முறை தொடங்கும்போது ஒரு பிடி பழைய எருவோ, புளித்த மோரில் கரைத்த சாணமோ சேர்த்தால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். வாரம் இருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். பானை நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது பானையைத் தொடங்கலாம். அது நிறைவதற்குள் முதற்பானையில் உள்ளது, ஏறத்தாழ இரண்டு மாதத்தில், மழைபெய்த மண்ணின் மணத்தோடு கறுத்துப் பொலபொலவென்று ஆகியிருக்கும்.

பலர் இம்முயற்சியைக் கைவிடுவது நாற்றத்தாலும் புழுவாலும்தான், இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஈரக்கழிவில் தழைச்சத்து மிகுதி, சருகில் கரிச்சத்து மிகுதி. நுண்ணுயிர்கள் செழிக்கத் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வேண்டும். சருகு குறைந்தால் கழிவு சொதசொதவென்று படிந்து காற்றுப் போக வழியின்றி அழுகி நாறும், ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு பானையை வெளியே எறிவதற்குப் பதில் இரண்டு கை சருகைக் கூடுதலாகப் போட்டுக் கிளறினால் இரண்டொரு நாளில் நாற்றம் அடங்கிவிடும். சருகுக்கு இவ்வூர்களில் குறைவில்லை. தெருவில் நிற்கும் வேம்பும் புங்கனும் உதிர்ப்பதைக் காலையில் பெருக்கிக் கூட்டிக் கொளுத்துவதே பல வீடுகளில் வழக்கம். அந்தப் புகையை முதலில் மூச்சில் வாங்குவது அதே தெருவின் குழந்தைகளும் முதியோரும். கொளுத்துவதற்கு மாறாக ஒரு கோணிச்சாக்கில் நிரப்பி வைத்தால் ஆண்டு முழுவதும் பானைக்கு ஆகும். தென்னார்க்காட்டு மக்கள் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலையின் தோலும் இதற்கு ஏற்றது. ‘டி.எம்.வி.’ என்ற முன்னெழுத்துகளோடு நாடெங்கும் பரவிய நிலக்கடலை ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை, அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. கடலைக்குப் பேர்போன ஊரில் அதன் தோல் குப்பையில் கிடக்க வேண்டியதில்லை.

பானைக்கு இடமோ நேரமோ இல்லாத வீடும் ஒன்றைச் செய்ய முடியும், செய்தாகவும் வேண்டும்: மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வெவ்வேறு வாளியில் போடுவது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைச் சட்டக் கடமையாகவே ஆக்கின. சாம்பாரில் ஊறிய செய்தித்தாளும் மீன் முள்ளோடு கலந்த நெகிழி உறையும் எந்த மறுசுழற்சிக் கடைக்கும் ஆகா. அதே தாளும் உறையும் காய்ந்த நிலையில் தனியே வந்தால் விலை போகும் பொருள்கள். கலந்து போட்ட குப்பையைப் பின்னர் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கைகள். உடைந்த கண்ணாடியும், பயன்படுத்திய ஊசியும், பொதியாமல் வீசிய அணையாடையும் அந்தக் கைகளில்தான் படுகின்றன. இதை எண்ணிப் பார்ப்பவருக்கு இரண்டாவது வாளி வைக்க வேறு காரணம் தேவைப்படாது. வீட்டில் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டும் நிலை எங்கேனும் கண்ணில் பட்டால், பிரிப்பதை நிறுத்திவிடாமல் வார்டு உறுப்பினரிடம் கேள்வி கேட்பதே முறை. மக்கள் பிரித்துத் தரத் தரத்தான் பிரித்து வாங்கும் ஏற்பாடும் நிலைபெறும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் பொருத்திய விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் சுழலும் விசிறியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 197 யூனிட் மிச்சமாகும். இருக்கும் விசிறி பழுதாகும்போது இதை வாங்குவது அறிவுடைமை, நன்றாகச் சுழல்வதைக் கழற்றி எறிந்துவிட்டு வாங்குவது அன்று. குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வைப்பதும், தூங்கப் போகும்போது தொலைக்காட்சியின் சுவிட்சையே அணைப்பதும் யாவரும் அறிந்தவை. போக்குவரத்தில், விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பாகவும் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமையிடமாகவும் இருப்பது இப்பகுதி மக்களின் பேறு. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்துக்குத் தனித்தனி வண்டியில் நெடுஞ்சாலையில் விரைவதைவிடப் பேருந்தில் போவது செலவும் புகையும் ஆபத்தும் குறைந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணமே இல்லை. பிளஸ் ஒன் படிக்கையில் அரசு தந்த மிதிவண்டி எத்தனையோ வீடுகளின் சுவரோரத்தில் காற்று இறங்கிக் கிடக்கிறது. தெருமுனைக் கடைக்கும் பால் வாங்கவும் அது இன்றும் போதும்.

இத்தகைய கட்டுரைகள் வழக்கமாகச் சொல்லாமல் விடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பையை மடித்து மாட்டுவதும், தோலை நறுக்கிப் பானையில் இடுவதும், வாளி இரண்டையும் கழுவுவதும் யார் வேலை என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் விடை அம்மா அல்லது மருமகள் என்பதாகவே இருக்கும். ஏற்கெனவே முதுகு ஒடிய உழைப்பவரின் தலையில் மேலும் ஒரு சுமையாக ஏற்றப்படும் பழக்கம் 66 நாள் தாங்காது, தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அறமன்று. சருகு அள்ளி வருவது வீட்டின் ஆண்களுக்கும், பானையைக் கிளறுவது பிள்ளைகளுக்கும் என்று பகிர்ந்த வீட்டிலேயே இது நிலைக்கும். தனிமனிதப் பழக்கம் ஆலைகளின் பொறுப்பையும் அரசின் கடமையையும் ஈடுசெய்துவிடும் என்றும் எவரும் எண்ண வேண்டாம். தடை செய்த பொருளை உற்பத்தி செய்யும் இடத்திலேயே நிறுத்துவது அரசின் வேலை. வீட்டில் பை மாட்டியிருப்பவருக்கே அதை வற்புறுத்திக் கேட்கும் உரிமையும் உறுதியும் கூடுதலாக இருக்கும்.

சிறு செயல்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் நிலமே மாறும் என்பதற்குச் சான்று இம்மாவட்டத்தின் வானூர் வட்டத்திலேயே உள்ளது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் என்னும் நகரியம் தொடங்கப்பட்டபோது அது அமைந்த மேட்டு நிலம் மரங்களை இழந்து, மழைநீர் செம்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோன வெற்றுத் தரையாக இருந்தது. வந்து குடியேறியவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தினரும் முதலில் செய்தது வரப்பு உயர்த்துவதுதான். பெய்த மழை பெய்த இடத்திலேயே இறங்க வழி செய்துவிட்டு, பின்னர் கன்றுகளை நட்டு ஒவ்வொன்றாகக் காத்தனர். இன்று அங்கே காடு நிற்கிறது. கடலோரத் தமிழகத்தில் காணப்படும் வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரஞ்செடிகள் அதில் மீண்டும் வளர்கின்றன. அங்கிருந்து இயங்கும் ஈகோஃபெம் அமைப்பு, துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி அணையாடைகளைத் தயாரித்து, அவற்றைப் பற்றிப் பெண்களிடமும் பள்ளி மாணவியரிடமும் தயக்கமின்றிப் பேசுகிறது. எரித்தாலும் புதைத்தாலும் கேடு தரும் நெகிழி கலந்த அணையாடைகளுக்கு, பாட்டிமார் பயன்படுத்திய துணியின் செப்பமிட்ட வடிவமே அங்கே மாற்றாகிறது.

மழையைப் பெய்த இடத்தில் நிறுத்துவதற்கு மேட்டு நிலம் வேண்டியதில்லை, ஒரு மொட்டைமாடி போதும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அப்படியானால் ஆயிரம் சதுர அடி, அதாவது ஏறத்தாழ 93 சதுர மீட்டர், பரப்புள்ள மாடி ஒன்றின்மீது அந்த ஒரே நாளில் ஏறக்குறைய 47,000 லிட்டர் விழுந்தது. 20 லிட்டர் கேன் தண்ணீர்க் கணக்கில் 2,350 கேன். அவ்வளவையும், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ஓர் உறைக்கிணறு ஒரே நாளில் உறிஞ்சிவிடாது என்பது மெய். ஆனால் புயல் ஆண்டுக்கொரு முறை வந்தால் அதிகம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சாதாரணமாகப் பெய்யும் மூன்று சென்டிமீட்டர் மழையில் அதே மாடி தரும் 2,800 லிட்டரை ஒழுங்காகப் பராமரித்த மழைநீர்க் குழி எளிதில் உள்வாங்கும். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெறும் இப்பகுதியில், ஒரு மாடியின் மொத்த வரவு 90,000 லிட்டரைத் தாண்டுகிறது.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று 2003-இல் சட்டமாயிற்று. அந்த ஆண்டு வீடுதோறும் குழாய் இறங்கியது, குழி வெட்டப்பட்டது, கூழாங்கல்லும் மணலும் கரியும் அடுக்கப்பட்டன. அதன்பின் அதைத் திறந்து பார்க்காத வீடுகளில் குழியின் மணற்பரப்பு வண்டல் படிந்து களிமண் பலகைபோல் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு வழிகிறது. கடலை ஒட்டிய மரக்காணம், வானூர் பகுதிகளில் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்து திருப்பி இடாமல் விட்டால், நன்னீர் விட்டுச்சென்ற இடத்துக்குக் கடலின் உப்புநீர் நிலத்துக்கடியில் நகர்ந்து வரும். வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்புவது மிகக் கடினம். வீட்டுக்குள் சொட்டும் குழாயையும் சேர்த்தே எண்ண வேண்டும். இருபது சொட்டை ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டாலும், நொடிக்கு ஒரு சொட்டு நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் ஆகிறது. அதை நிறுத்தும் ரப்பர் வாஷரின் விலை சில ரூபாய். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு வாளியில் பிடித்தால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும்; உப்பு மிகுந்திருப்பதால் செடிகளுக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றலாகாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் வரும் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலுள்ள அனைவரும் மாடிக்கு ஏறி, தரையைப் பெருக்கி, குழாய் வாயில் அடைந்து கிடக்கும் வேப்பஞ்சருகை எடுத்துக் கோணிச்சாக்கில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கிக் குழியின் மூடியைத் திறந்து, மேல்மணலை ஒரு சாண் அளவுக்கு வாரி அலசித் திரும்பப் பரப்ப வேண்டும். இரண்டு மணி நேர வேலை. சாக்கில் சேர்ந்த சருகு பானைக்கு ஆகும். இந்த ஆண்டு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஒவ்வொரு வீடும் இதைச் செய்ய வேண்டும்.